இரண்டு பக்கமும் காலி

டஸ்டின் பேசுவதை நிறுத்திவிட்டான் என்று லொரெட்டா வந்து சொன்னபோது, நானும் அவள் புருஷன் வெய்னும் என் கொட்டகையில் மேப்பிள் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தோம். மார்ச் மாதம் இரண்டாவது வாரம். ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற சமயம். மரம் நிற்காமல் வடிக்கும், நாமும் நிற்க முடியாது. நாற்பது வாளி காய்ந்தால் ஒரு வாளி பாகு. ஒருத்தர் அடுப்புக்கு விறகு தள்ள, ஒருத்தர் கொதிக்கும் அகலத் தட்டில் நுரை எடுக்க என்று காலையிலிருந்து மாறி மாறி நின்றோம். கொட்டகை முழுக்க வெள்ளை ஆவி. அவள் உள்ளே வந்ததே முதலில் தெரியவில்லை.

"போன் வந்துச்சு," என்றாள்.

"எப்படி இருக்கான்?" வெய்ன் நுரைக் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியல. பத்து நிமிஷமும் நான்தான் பேசினேன். அவன் மூச்சு விடற சத்தம் கேட்டுது."

"லைன் சரியில்லாம இருந்திருக்கும்."

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல நின்ன வார்டர் மூக்கு உறிஞ்சறது கூட கேட்டுது. உன் மகன் குரல் மட்டும்தான் வரல."

"அவனுக்குப் பேச என்ன இருக்கும் லொரெட்டா? எல்லா நாளும் ஒரே நாள்தானே."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் வலைத் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. இருநூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிளறிவிட்டு வந்தவள், மாதத்துக்கு ஒரு தரம் வரும் போனுக்காகச் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் காற்றோடு பேசியிருக்கிறாள்.

வெய்ன் ட்ராம்ப்ளி எங்கள் குவிம்பி ஊர்ச் சிறையில் இருபத்தோரு வருஷமாக வார்டர். கடைசி ஒன்பது வருஷம் பெட்டியில். பெட்டி என்பது சிறைக்குப் பின்னால் தனியாகக் கட்டிய கான்கிரீட் கட்டடம். ஒரு அறைக்கு ஒரு ஆள். இருபத்து மூன்று மணி நேரம் உள்ளே, ஒரு மணி நேரம் கம்பிக் கூண்டுக்குள் நடை. சாப்பாடு கதவில் இருக்கும் துவாரம் வழியாக வரும். உள்ளே சண்டை போட்டவன், கத்தி வைத்திருந்தவன், வார்டரைத் திட்டியவன், படுக்கையை மடிக்காதவன் எல்லாரும் அங்கேதான் போவார்கள். மாதக் கணக்கில் இருப்பார்கள். வருஷக் கணக்கிலும் இருப்பார்கள்.

அந்தப் பெட்டியை யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை. நாங்களே கெஞ்சி வாங்கினோம். பால் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். மாநிலம் புதுசாக ஒரு பெட்டி கட்டப் போகிறது, எந்த ஊரில் என்று முடிவாகவில்லை என்றார்கள். இருநூறு பேருக்கு வேலை. ஊரே தலைநகருக்குப் பஸ் பிடித்துப் போய், எங்களுக்குக் கொடு என்று அட்டை பிடித்து நின்றது. நானும் ஒரு அட்டை பிடித்தேன். பிறகு அந்தக் கட்டடத்துக்குக் குழாய் போட்டதும் நான்தான். இருபத்தாறு வருஷம் அந்தச் சிறையில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெயர் ஆர்லின், ஆனால் ஊரில் ஒருத்தனும் அப்படிக் கூப்பிட மாட்டான். எல்லாருக்கும் நான் பைப்.

வெய்ன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் சின்னக் கோபம் இல்லை. இடது காதிலிருந்து தாடை வரைக்கும் அவனுக்கு ஒரு தழும்பு உண்டு. பல்தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியை உருக்கி அதில் பிளேடைப் பதித்து ஒருத்தன் கிழித்தது. இருபத்தேழு தையல். கிழித்தவன் பெட்டிக்குப் போனான். வெய்ன் மறுபடி வேலைக்குப் போனான். "அவனை எங்க வெச்சிருக்கணும்கறே? என் பக்கத்துலயா?" என்று கேட்பான். கேட்கிற நியாயம் அவனுக்கு உண்டு. அந்தப் பெட்டி இருந்ததால் உயிரோடு வீட்டுக்கு வந்த வார்டர்கள் நாலு பேரை எனக்கே தெரியும். கைதிகளிலும் உண்டு. மற்றவர்கள் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, என்னைப் பெட்டியில் போடுங்கள் என்று அழுதவனை நான் பார்த்திருக்கிறேன். போட்டதும் வெய்ன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். ஆறாவது மாதம் அவன் என்ன ஆனான் என்று வெய்ன் சொல்ல மாட்டான். நானும் கேட்டதில்லை.

டஸ்டின் அவர்களுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் கூரை வேலை பார்க்கும்போது ஏணியோடு விழுந்தான். இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. தனக்கு வாங்க மற்றவர்களுக்கு விற்றான். பிடிபட்டான். நாலு வருஷம்.

சிறைக்குள் வார்டரின் மகன் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பன் மேல் இருக்கிற கணக்கை மகன் மேல் தீர்ப்பார்கள். வெய்ன் அன்றைக்கே போனை எடுத்தான். மேற்குக் கோடியில், எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிறையில், அவனோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்த கீஃப் என்கிற சார்ஜென்ட் இருந்தான். "என் பையனைப் பாத்துக்கோ," என்றான். "உன் பையன் என் பையன்," என்றான் அவன். டஸ்டினை அங்கே அனுப்பி, பாதுகாப்புக்காக என்று எழுதி, தனி அறையில் போட்டார்கள். தண்டனைக்குப் போட்டாலும் பாதுகாப்புக்குப் போட்டாலும் அறை அதே அறைதான். கதவும் அதே கதவு. பதினாலு மாதம் ஆயிற்று.

"நான் நேர்ல போறேன்," என்றாள் லொரெட்டா. "நீயும் வா."

"நான் வரணும்னா மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும். வார்டர் கைதியைப் பாக்கறதுன்னா மூணு வாரம் ஆகும்."

"பதினாலு மாசமா மூணு வாரம் ஆகுதா உனக்கு?"

வெய்ன் நுரையை வழித்து வாளியில் தட்டினான். அவனுக்கு அனுமதி ஒரு தடையே இல்லை. வெட்கம்தான் தடை. வெள்ளிக்கிழமை தோறும் முன்னாள் சிப்பாய்கள் சங்கத்து லீஜன் ஹாலில் மீன் வறுவல் சாப்பிடப் போவோம். அவன் கூட வேலை பார்க்கும் அத்தனை பேரும் இருப்பார்கள். மான் வேட்டை, பனி, பந்து ஆட்டம் எல்லாம் பேசுவார்கள். டஸ்டின் என்ற பெயரை ஒருத்தன் எடுக்க மாட்டான். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள்.

"பைப், நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்றாள் என்னிடம்.

"அடுப்பை இவன் பாத்துக்கட்டும். போலாம்," என்றேன்.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். முட்டை சாண்ட்விச், வெள்ளரி ஊறுகாய், ஒரு டப்பா டோநட், காபி குடுவை எல்லாம் எடுத்து வந்திருந்தாள். எதையும் அவன் கையில் கொடுக்க முடியாது, எல்லாம் எங்களுக்குத்தான் என்று தெரிந்தும் ஆறு பேருக்கு ஆகிற அளவு கட்டியிருந்தாள்.

"என்ன பேசறதுன்னு எழுதி வெச்சிருக்கேன்," என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினாள். "நாய் குட்டி போட்டது. ஹெலன் வீட்டுக் கூரை பனியில சரிஞ்சது. புது ஹெட்மாஸ்டர் சூப்புல உப்பு போதலன்னு சொன்னது. சிரிக்கற மாதிரி மூணு, சும்மா மூணு."

"நல்லா இருக்கு," என்றேன்.

"அழுதுட்டேன்னா என் காலை மிதிங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நிலவறையில் மாதக் கணக்கில் கிடந்த உருளைக்கிழங்கு முளை விடும் பாருங்கள், அந்த வெளுப்பு. இருபத்து மூன்று வயது. கையில் விலங்கு. லொரெட்டா ரிசீவரை எடுத்து "டஸ்டி" என்றதும், அவன் தன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"மெதுவாம்மா," என்றான்.

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுவே அவனுக்குக் காதைக் கிழித்திருக்கிறது.

அவள் காகிதத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைவது அவனுக்கு ஏதோ வேடிக்கை போல இருந்தது. அவன் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சொல்லைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ரிசீவரை வாங்கினேன். மரத்தில் துளை போட்டு வாளி மாட்ட அவனுக்கு ஆறு வயதில் கற்றுக்கொடுத்தவன் நான்.

"பைப். காய்ச்சறீங்களா?"

"ஆமாடா. இந்த வருஷம் நல்ல வடிப்பு."

"உங்க சட்டையில வாசனை அடிக்குதா?"

"அடிக்குதுன்னுதான் உங்கம்மா வழியெல்லாம் சொல்லிட்டு வந்தா."

அவன் கண்ணாடியில் மூக்கை வைத்தான். ஒரு அங்குலக் கண்ணாடி. பின்னால் நின்ற வார்டர் தோளைத் தட்டியதும் நிமிர்ந்துகொண்டான். நான் லொரெட்டாவின் காலை மிதித்தேன். மிதித்தும் பிரயோஜனம் இல்லை.

"பக்கத்து அறையில யாராவது பேசுவாங்களா கண்ணு?" என்று கேட்டாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவே பிடித்து.

"இல்ல. ரெண்டு பக்கமும் காலி."

"காலியா? ஏன்?"

"முதல்ல ஒருத்தன் இருந்தான். சுவத்துல தட்டுவான். நானும் தட்டுவேன். காலைல ரெண்டு தட்டு, சாப்பாடு வந்தா மூணு. அவன் பேரு தெரியாது." நிறுத்தினான். மூச்சு வாங்கினான். அவ்வளவு பேசியது அவனுக்குக் களைப்பு. "சார்ஜென்ட் அவனை மாத்திட்டார். இன்னொரு பக்கத்தையும் காலி பண்ணிட்டார். அப்பாவுக்காகன்னு சொன்னார்."

"வார்டருங்க? அவங்க கூடவா பேச மாட்டாங்க?"

"பெட்டியில பதில் சொல்லக் கூடாதும்மா. மூணு நாள் பதில் சொல்லலன்னா அடங்கிருவான். நம்ம வீட்டு மேசையில அப்பா சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கேன்." சிரிப்பது போல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வெளியே வரலாம், அதற்கு ஒரு காகிதம் இருக்கிறது என்றும் அவன்தான் சொன்னான். பாதுகாப்பு வேண்டாம், என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் மற்றக் கைதிகளோடு பொது வளாகத்தில் விட்டுவிடுவார்கள்.

"அப்பா எழுதியிருக்கார், போடாதேன்னு. போட்டா செத்துருவேன்னு. அப்பா சொன்னா போடறேன். நீ சொல்லாத. அவர் சொல்லணும். அவருக்குத்தான் உள்ள எப்படின்னு தெரியும்."

நேரம் முடிந்தது என்றார்கள். அவன் எழுந்த விதத்தைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே திரும்பி, கையைப் பின்னால் கொடுத்து, சுவரைப் பார்த்து நின்றான்.

வாசல் பக்கம் கீஃப் காத்திருந்தான். அகலமான ஆள், நல்ல சிரிப்பு. லொரெட்டாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வெய்ன்கிட்ட சொல்லுங்க, சொன்னா சொன்னபடி பாத்துக்கறேன்னு. எங்க பெட்டியில ராத்திரி பகல்னு இல்லாம கத்துவானுங்க, கதவை உதைப்பானுங்க, கண்டதை வீசுவானுங்க. உங்க பையனுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கடைசி அறை குடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் காலியா வெச்சிருக்கேன். இங்க ஒரு அறைக்கு எவ்வளவு அடிதடின்னு உங்களுக்குத் தெரியாது. வெய்ன் மகன்கறதால செஞ்சேன்."

லொரெட்டா கையை உருவிக்கொண்டாள்.

"தங்கமான பையன்," என்றான் கீஃப். "சத்தமே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. கேலியும் பண்ணவில்லை. ஒரு வார்டர் இன்னொரு வார்டருக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரத்தைச் செய்துவிட்டு, ஒரு நன்றிக்காக நின்றுகொண்டிருந்தான். எனக்கு அவன் மூக்கில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது. அறுபத்தெட்டு வயதில் அந்த ஆசை எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் கொட்டகையில் வைத்துச் சண்டை. லொரெட்டா நடந்ததையெல்லாம் சொன்னாள். இரண்டு பக்கமும் காலி என்றதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். வெய்ன் விறகு தள்ளுவதை நிறுத்தவில்லை.

"கீஃப் நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கான்."

"ஒரு போன் பண்ணு. நல்லது போதும்னு சொல்லு. டஸ்டிக்கு ஒரு வரி எழுது, கையெழுத்துப் போடுன்னு."

"போட்டா ஒரு மாசம் தாங்க மாட்டான். உனக்கு உள்ள என்னன்னு தெரியுமா? சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது குத்துவானுங்க. குளிக்கற இடத்துல குத்துவானுங்க. இதைப் பாரு." தழும்பை அவள் பக்கம் திருப்பினான். "எனக்குச் சட்டை, தொப்பி, தடி, பின்னால நாலு ஆள் இருந்தும் இது. அவன்கிட்ட என்ன இருக்கு?"

"அவன்கிட்ட இப்ப என்ன இருக்கு வெய்ன்?"

"உயிர் இருக்கு."

"நீ போய்ப் பாத்துட்டு வந்து அதைச் சொல்லு."

"நன்னடத்தைக் கழிவு போக இன்னும் இருபது மாசம். படுத்துத் தூங்கினா போயிரும். வீட்டுக்கு வந்தா சரியாயிருவான். நல்லா சாப்பிடுவான், நாலு பேரோட பழகுவான்…"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"யோவ், நிறுத்துய்யா," என்றேன். "உன் பெட்டிக்குப் பின்னால குழாய் போற சந்து இருக்கே, அதுல இருபது வருஷம் நான் ஊர்ந்திருக்கேன். நீ முன்பக்கம் நடப்பே, நான் பின்பக்கம். காத்துத் துவாரத்துல எல்லாம் கேக்கும். ஒரு மார்ச் மாசம், இதே மாதிரி காய்ச்சிட்டு அதே சட்டையோட வேலைக்கு வந்தேன். ஒருத்தன் துவாரத்துல வாயை வெச்சு, 'அண்ணே, அது என்ன வாசனை? பாகா? பாகுதானே? ஆமான்னு மட்டும் சொல்லுங்க'ன்னான். திருப்பித் திருப்பிக் கேட்டான். நான் மரையை முறுக்கிட்டு வந்துட்டேன். மறுநாளும் கேட்டான். உன் பையன் நேத்து அதே கேள்வியைக் கேட்டான் என்கிட்ட."

"நீ பதில் சொன்னியா அவனுக்கு?"

"இல்ல."

"அப்ப என்னை ஏன் கேக்கறே? குழாய் போட்டது யாரு? நானா? அட்டை புடிச்சது யாரு? இந்த ஊர்ல எவனுக்கு அந்தப் பெட்டிச் சோறு ஒட்டல?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கையில் இருந்த கரண்டியைத் தரையில் அடித்தேன். அப்போதுதான் நாற்றம் வந்தது. மூன்று பேரும் சண்டையில் இருந்துவிட்டோம், தட்டைப் பார்க்க ஆள் இல்லை. பாகு கருகி, பொங்கி, கறுப்பாக ஓரத்தில் வழிந்தது. வெய்ன் பனியை வாரி வாரித் தட்டில் போட்டான். நாலு நாள் பதநீர் வீணாகிவிட்டது. தட்டும் நெளிந்துவிட்டது.

"எழுத மாட்டேன்," என்றான் அவன், இருமிக்கொண்டே. "என் கையால என் மகனைச் சாகக் குடுக்க மாட்டேன்."

அவன் பயம் நிஜமான பயம். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒன்று, குத்துப்பட்டுச் சாக வேண்டும். இல்லை, சுவரைப் பார்த்து மூளை கரைய வேண்டும். ஒரு பிள்ளையை அடைத்து வைக்க வேறு ஒரு வழி கண்டுபிடிக்க இந்த மாநிலத்தில் ஒருத்தனுக்கும் அறிவு வரவில்லை. அந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று அப்பன் ஆத்தாளைச் சண்டை போட விட்டுவிட்டு, பெரிய பெரிய அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து லொரெட்டா என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இது வெய்ன் எழுத்து மாதிரி இருக்கா பாருங்க."

வெய்ன் எதை எழுதினாலும் பெரிய எழுத்தில்தான் எழுதுவான், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. வார்டர்கள் எல்லாரும் அப்படித்தான். தினம் அறிக்கை எழுதி எழுதி, வீட்டுக்கு மளிகைச் சீட்டு எழுதினாலும் அறிக்கை போலத்தான் இருக்கும். ஒரு சொல் கூட அதிகம் இருக்காது. லொரெட்டா எழுதியிருந்தது இரண்டு வரி. கையெழுத்துப் போடு. அப்பா.

"தெரிஞ்சா உன்னைச் சும்மா விட மாட்டான்," என்றேன்.

"தெரியட்டும்."

"பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நான்தான் பண்ணேன். அவர் இல்ல, நீங்க இல்ல. நான். அதோட நான் வாழ்ந்துக்கறேன்." பேனாவை நீட்டினாள். "எதை மாத்தணும், சொல்லுங்க."

முதல் எழுத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னேன். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. டஸ்டின் கையெழுத்துப் போட்டான். பொது வளாகத்துக்கு மாற்றினார்கள். பதினோராவது நாள் காலைச் சாப்பாட்டு வரிசையில், வெய்ன் சொன்ன அதே இடத்தில், மூன்று பேர் அவனைத் தள்ளி மிதித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. கீஃப் போன் பண்ணினான், வெய்னுக்கு. "உன் கடிதம் வந்த பிறகுதான்ப்பா போட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றானாம்.

வெய்ன் நேராக என் கொட்டகைக்கு வந்தான். நாங்கள் சீசன் முடிந்து வாளி கழுவிக்கொண்டிருந்தோம், நானும் லொரெட்டாவும். ஏப்ரல் சேறு முழங்கால் வரை. அடுக்கி வைத்திருந்த வாளிகளை ஒரே உதையில் சரித்தான்.

"நீ எழுதினியா?"

"நான்தான்."

"கொன்னிருப்பே. என் பேரைப் போட்டு என் பையனைக் கொன்னிருப்பே!"

"ஆமா, கொன்னிருப்பேன்!" லொரெட்டா எழுந்து நின்றாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தரம். "நீ புதைச்சு வெச்சிருந்தே! உயிரோட புதைச்சு, ரெண்டு பக்கமும் ஆள் இல்லாம பாத்துக்கிட்டே! உபகாரம்! உன் சிநேகிதன் பண்ண உபகாரம்!"

அவன் கை ஓங்கவில்லை. அந்த மட்டில் அவனை நல்லவன் என்று சொல்ல வேண்டும். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் அவள் தனியாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். சிறை ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வெய்ன் லீவு போட்டிருந்தான். என்னோடு வாளி கழுவ வந்தான். நெளிந்த தட்டை மரச்சுத்தியால் தட்டி நேராக்கப் பார்த்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான்.

இரண்டாவது நாள் சாயங்காலம் அவள் வண்டி வந்து நின்றது. வீட்டுக்குப் போகவில்லை, நேராக இங்கே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். வெய்னைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க பைப். வாயைத் திறக்க முடியாது. குழல் வெச்சு சூப்பு உறிஞ்சறான். முகம் பாதி நீலம். ஒரு கண்ணு மூடிக் கிடக்கு." மூச்சு இழுத்துக்கொண்டாள். "ஆனா நிறுத்தாம பேசறான். பல்லு இடுக்கு வழியா. பாதி எனக்குப் புரியல. பக்கத்துக் கட்டில்ல ஒரு கிழவன், அவனுக்கு ரெண்டு பொண்டாட்டியாம், ரெண்டு பேர் பேரும் ரூத்தாம். அந்தக் கதை. நர்ஸ் நடக்கற மாதிரி நடிச்சுக் காட்டறான் விரலால. அடிச்ச மூணு பேர்ல ஒருத்தன் நம்ம ஊர்ப் பெட்டியில ரெண்டு வருஷம் இருந்தவனாம், அதைக் கூடச் சிரிச்சுக்கிட்டே சொல்றான். போதும்டா, தையல் பிரியும்னு நர்ஸ் திட்டறா. நான் அவளைத்தான் வாயை மூடச் சொன்னேன்."

சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறினதும் மறுபடி கேப்பாங்களே, பெட்டியா வெளியவான்னு," என்றேன்.

"கேட்டுட்டாங்க. வெளியன்னு எழுதிக் குடுத்துட்டான். இன்னொரு தரம் அடிச்சாலும் வெளியதானாம்."

வெய்ன் சுத்தியைக் கீழே வைத்தான்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

அவள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடிதம் நீ எழுதலன்னு சொல்லிட்டேன். தெரியும்னான். அப்பா எழுதியிருந்தா போடாதேன்னுதான் எழுதியிருப்பார்னான். ஒண்ணு கேக்கச் சொன்னான் உன்கிட்ட. உன் பெட்டியில உன்னைக் கூப்பிடுவானுங்களே, நீ நடந்து போகும்போது, ஒவ்வொரு கதவுலேந்தும். அவங்க உன்கிட்ட என்ன கேப்பாங்கன்னு கேட்டான்."

வெய்ன் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். கொட்டகைக் கூரையிலிருந்து கடைசிப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மணி," என்றான். "பெரும்பாலும் மணி என்னன்னு கேப்பாங்க. உள்ள ஜன்னல் இல்ல. லைட்டை அணைக்க மாட்டோம். அதனால மணி கேப்பாங்க. வேற ஒண்ணும் பெரிசா இல்ல."

"நீ?"

"ரூல் இருக்கு லொரெட்டா."

அவள் அவன் இடது கையைப் பார்த்தாள். இருபத்தோரு வருஷமாக அவன் கழற்றாத கடிகாரம்.

"இப்ப மணி என்ன வெய்ன்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தான்.

"நாலு பத்து."

"சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள் லொரெட்டா. எழுந்து வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெய்ன் கையை அப்படியே நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நான் தலையைக் குனிந்து வாளியைத் தேய்த்தேன். குழாய்ச் சந்தில் ஊர்ந்த இருபது வருஷமும் என் கையிலும் ஒரு கடிகாரம் இருந்தது.